டிஃப்யூசருக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தங்கச்சிமடத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மகளிர் குழு ஓலைக்கொட்டானும் சங்குப் பொருள்களும் செய்கிறது. வீட்டிலேயே செல்போனில் படம் எடுக்கச் சொல்லித்தர இரண்டு பக்கக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. வெயில் நேரே பட்டால் சங்கின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும், கீழே நிழல் கறுப்பாக வெட்டும். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டினால் இரண்டும் அடங்கிவிடும். இப்படி ஒளியை மென்மையாக்குவதை ஆங்கிலத்தில் டிஃப்யூசர் என்கிறார்கள். அந்த வேட்டிக்குத்தான் தமிழில் பெயர் வேண்டும். 'ஒளிபரப்பி' என்று எழுதினேன். படித்த பெண் "டிவி ஸ்டேஷனா அண்ணே?" என்று கேட்டுவிட்டாள்.

தொண்டியிலிருந்து:

தம்பி, பாடநூலில் டிஃப்யூஷனுக்கு விரவல் என்ற சொல் இருக்கிறதே என்று 'ஒளிவிரவி' பக்கம் போய்விடாதீர்கள். விரவுதல் கலத்தல். இரு திணைக்கும் பொதுவான பெயரை விரவுப்பெயர் என்கிறோமே, அந்த விரவு. இங்கே எதுவும் எதனோடும் கலக்கவில்லை. 'மென்னொளித்திரை' என்று வையுங்கள். மென்மையில் ஈறு போய், தனிக்குறில் முன் ஒற்று இரட்டி, மென்னொளி. விதிப்படி சுத்தமாக இருக்கிறது.

பாம்பனிலிருந்து:

ஐயா, விதி சரி, வாயில் நுழைய வேண்டாமா? கடற்கரைக்காரர்கள் நாம். காற்றை வாங்குவது பாய், ஒளியை வாங்குவது 'ஒளிப்பாய்'. அழகாக இல்லையா?

தொண்டியிலிருந்து:

'ஒளிப்பாய்' முன்னிலை ஒருமை எதிர்கால வினைமுற்று. நீ ஒளிப்பாய், நான் தேடுவேன். கையேட்டில் கண்ணாமூச்சி எதற்கு?

கீழக்கரையிலிருந்து:

எங்கள் ஊரில் அச்சடித்தால் "யார் அந்த பாய்?" என்று கேட்பார்கள்! சரி, விளையாட்டு போகட்டும். வேலைக்கு வருகிறேன். கொட்டானுக்கு வேட்டியை முன்பக்கம் கட்டினால் ஓலைப் பின்னலே தெரியாது, தட்டையாகிவிடும். பக்கவாட்டில் ஒளி வர வேண்டும், எதிர்ப்பக்கம் ஒளியைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. சங்குக்கு வேட்டியைக் கிட்டே கொண்டுவர வேண்டும். கிட்டே வர வர நிழல் இளகும். சரிகைக் கரையை மடித்துவிடுங்கள், பளபளப்பில் அதுவும் தெரியும். எங்கள் வீட்டில் வேட்டி இல்லாத நாளில் பட்டர் பேப்பர்தான்.

சாயல்குடியிலிருந்து:

டிஃப்யூசர் என்றே எழுதினால் என்ன? நால்வகைச் சொல்லில், வெளியிலிருந்து வந்த திசைச்சொல்லும் ஒன்றுதானே. செல்போன் என்ற சொல்லை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

அப்புறம் கையேட்டில் ஒரு திருத்தம். 'வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது' என்று போட்டிருக்கிறீர்கள். அது ஐரோப்பாக்காரன் எழுதியது. ராமநாதபுரம் வட அட்சரேகை 9 பாகை சொச்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முற்பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே. அந்த மாதங்களில் வேட்டி கட்ட வேண்டியதே வடக்கு ஜன்னலில்தான். தெற்கு ஜன்னல் அப்போது சும்மா இருக்கும்.

தங்கச்சிமடத்திலிருந்து:

நல்ல வேளை சொன்னீர்கள், திருத்திவிட்டேன். டிஃப்யூசர் வேண்டாம் என்று எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்தால் கடையில் வாங்குகிற சாமான் என்று நினைப்பார்கள். கொடியில் காய்வதுதான் அது என்று தெரிய வேண்டும். 'வேட்டித்திரை' என்று போடட்டுமா?

தொண்டியிலிருந்து:

பொருளைக் கொண்டு கருவிக்குப் பெயரிடக் கூடாது. பட்டர் பேப்பரும் வேட்டித்திரையா? தவிர, வேட்டியை 'வேஷ்டி'யின் திரிபு என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்பதில்லை. வெட்டப்பட்டது வேட்டி. துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, அறுக்கப்பட்டது அறுவை. சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இருக்கிறார். அவர் விற்றது துணி. பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் 'அறுவைத்திரை'...

பாம்பனிலிருந்து:

ஐயா, அறுவை என்றால் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் இந்த விவாதம்.

கீழக்கரையிலிருந்து:

இன்றைக்குப் புதன். என் ஓட்டு வேட்டித்திரைக்கு. பட்டர் பேப்பர் கட்டினாலும் வேட்டித்திரை என்றே சொல்லிக்கொள்கிறேன். எண்ணெய்க்கு எள்தான் வேண்டும் என்றா இருக்கிறோம்? எள்ளின் நெய் எண்ணெய், இப்போது தேங்காய்க்கும் அதே பெயர்.

சாயல்குடியிலிருந்து:

எண்ணெய் வாதத்தில் சாய்ந்துவிட்டேன். சரி, வேட்டித்திரை.

பாம்பனிலிருந்து:

பாய் போனதில் வருத்தம். ஆனாலும் சரி. ஆடி மாத மேல்காற்றான கச்சானில் வேட்டி பாயாகத்தான் உப்பும், கீழ்முனையில் கல் கட்டச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து:

அச்சாகிவிட்டது, படம் இணைத்திருக்கிறேன். ஐயாவுக்காக முதல் வரியில் மட்டும் 'மென்னொளி தரும்' என்று சேர்த்தேன். நேற்று வகுப்பில் யாரும் இரண்டையும் சொல்லவில்லை. "அக்கா, ஜன்னலுக்கு வேட்டி கட்டியாச்சா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

தொண்டியிலிருந்து:

பார்த்தேன். சொல்லை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் வைத்ததுதான் வைத்தீர்கள், 'வேட்டியாலாகிய திரை' மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை அல்லவா? வல்லெழுத்து மிக வேண்டும். இரண்டாம் பக்கத்தில் மூன்று இடத்தில் 'த்' விடுபட்டிருக்கிறது.