காட்ஸில்லா மைனஸ் ஒன்: அரக்கனைவிட மனிதர்கள் மனத்தில் நிற்கிறார்களே!

கேள்வி:
வணக்கம். இத்தகைய இராட்சத விலங்குப் படங்களை நான் எப்போதாவதுதான் பார்ப்பேன். தகாஷி யமாசாகி இயக்கி 2023இல் வெளிவந்த இப்படத்தை நேற்றிரவு பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் தற்கொலைத் தாக்குதலில் உயிரைக் கொடுக்க அனுப்பப்பட்டு, விமானம் பழுது என்று பொய் சொல்லித் தரையிறங்கிய ஜப்பானிய விமானி ஷிகிஷிமாவின் குற்றவுணர்வு, டோக்கியோவின் கின்சா வீதி தரைமட்டமாகும் காட்சியைவிட என்னை அதிகம் உலுக்கியது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுப் பெண், அவனைத் திட்டித் தீர்த்தபின், தான் பத்திரப்படுத்திய வெள்ளை அரிசியைக் குழந்தையின் கஞ்சிக்குக் கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டது. காட்ஸில்லா படங்கள் எல்லாமே இப்படித்தானா?

மறுமொழி 1:
எல்லாமே அல்ல, பிற்காலப் படங்களில் பல வெறும் சண்டைக் காட்சிகளாகவே நின்றுவிட்டன. ஆனால் இஷிரோ ஹோண்டாவின் 1954ஆம் ஆண்டு முதற்படத்தை அவசியம் பாருங்கள். அவ்வாண்டு மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின்மீது படிந்த துயரம், அப்படத்தின் பின்னணியில் இருக்கிறது.

மறுமொழி 2:
கின்சா காட்சியைக் குறைத்து மதிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வெடிப்புக்குப் பின் பெய்யும் கறுப்பு மழையில் ஷிகிஷிமா முழந்தாளிட்டு அலறுகிறானே, அங்கே அணுகுண்டுக்குப் பின் கறுப்பு மழை பெய்த ஹிரோஷிமாதான் என் கண்முன் வந்தது. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது இப்படத்துக்கு முற்றிலும் தகும்.

கேட்டவர்:
கறுப்பு மழையை நான் அவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை. மிக்க நன்றி; முதற்படத்தை இவ்வாரமே பார்க்கிறேன்.