சித்தியின் கையுறை

குழு: பாம்பன் கிணத்தடி வீடு

பாம்பன் சித்தி, மாலை 6:42
(படம்) இதைப் பாருங்கள். வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. விரல் நுனியெல்லாம் ஊதிப்போய், தொட்டால் வெல்லப்பாகு மாதிரி ஒட்டுகிறது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்.

மண்டபம் மதினி, 6:44
கிழிந்ததா, உருகினதா?

பாம்பன் சித்தி, 6:45
உருகின மாதிரிதான். இன்று கடலில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும்போது பாறையில் லேசாக உரசியதும் கட்டைவிரல் பக்கம் வாய் பிளந்துவிட்டது.

மதுரை பெரியவன், 6:51
சித்தி, கையில் எதையாவது தடவிக்கொண்டு கையுறை போட்டீர்களா?

பாம்பன் சித்தி, 6:52
வெடிப்புக்கு லோஷன். சின்னவள் வாங்கித் தந்தாள். எண்ணெய் மாதிரி வழவழப்பே இல்லை, தடவியதும் உள்ளே போய்விடும். தினமும் அதைப் போட்டுத்தான் கடலில் இறங்கினேன்.

மதுரை பெரியவன், 6:53
பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

பாம்பன் சித்தி, 6:58
(படம்)

மதுரை பெரியவன், 7:03
தண்ணீருக்கு அடுத்த பெயரே ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட். பட்டியலில் முன்னால் இருந்தால் அளவும் அதிகம். கடைக்காரர் பாவம், அவரை விடுங்கள். ரப்பர் இதைக் குடித்து ஊதும், அப்புறம் இளகிப் பிசுபிசுக்கும். எங்கள் லேபிலும் இதை எடுக்கும்போது சாதாரண ரப்பர் கையுறை போட விடமாட்டார்கள்.

மண்டபம் மதினி, 7:04
ஐயோ, ரப்பரையே கரைப்பதைக் கையில் தடவலாமா?

மதுரை பெரியவன், 7:09
தோலுக்கு இது சாது, மதினி. தேங்காய் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மிரிஸ்டிக் அமிலம் இருக்கிறது. ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட்டில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இரண்டையும் சேர்த்தால் வருகிற எஸ்டர் என்ற வகைச் சேர்மம் இது. ஜாதிக்காயின் லத்தீன் பெயர் மிரிஸ்டிகா. 1841-இல் அதிலிருந்துதான் அந்த அமிலத்தை முதலில் பிரித்தார்கள், பேரும் அப்படி வந்தது.

சின்னவள், 7:10
நான் வாங்கித் தந்தது ஜாதிக்காய் லோஷனா 😄

தங்கச்சிமடம் அண்ணன், 7:12
அப்பத்தா சொல்வதை அப்படியே தட்டுகிறேன்: "தேங்காயிலிருந்து வந்ததென்றால் தேங்காய் எண்ணெயையே தடவ வேண்டியதுதானே. காசைக் கொண்டுபோய்க் கடலில் போடுகிறார்கள்."

மதுரை பெரியவன், 7:16
அப்பத்தா பாதி சரி. கொடைக்கானல் போனபோது எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடந்தது நினைவிருக்கிறதா? அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். இது 3 டிகிரி வரைக்கும் தண்ணீர் மாதிரியே ஓடும். அதனால்தான் மெல்லியதாகப் பரவி, தோலின் மேலடுக்குச் செதில்களுக்கு நடுவில் இறங்கிச் சொரசொரப்பை மழுக்குகிறது. லேசில் சிக்குவாடையும் அடிக்காது. ஆனால் ஈரம் வெளியேறாமல் அடைத்து வைப்பதில் வாசலினுக்குப் பக்கத்தில்கூட வராது. உப்புத்தண்ணீரில் நாலைந்து மணி நேரம் ஊறுகிற கைக்கு ராத்திரி வாசலின்தான் வேலைசெய்யும்.

சின்னவள், 7:17
நான் அதை முகத்துக்கும் போடுகிறேனே?

மதுரை பெரியவன், 7:18
நெற்றியில் புதிதாகப் பரு வந்திருக்கிறதா?

சின்னவள், 7:18
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மதுரை பெரியவன், 7:20
பதில் வந்துவிட்டது. எண்ணெய்ப் பசையுள்ள முகத்தில் துவாரம் அடைக்கும் என்று இதன்மேல் பழைய புகார் உண்டு. முகத்துக்கு நிறுத்திவிடு.

மண்டபம் மதினி, 7:23
நீ மாத்திரை கம்பெனியில்தானே இருக்கிறாய், அங்கே லோஷன் எதற்கு?

மதுரை பெரியவன், 7:29
கண் களிம்பில் கிருமி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். களிம்பை அப்படியே வடிகட்ட முடியாது, அடைத்துக்கொள்ளும். கிருமி நீக்கிய இந்தத் திரவத்தில் அதைக் கரைத்து, மெல்லிய சவ்வு வழியாக இறக்கி, அந்தச் சவ்வை ஊட்ட நீரில் 14 நாள் வைத்துக் காத்திருப்போம். கலங்கினால் அந்தத் தொகுதி வெளியே போகாது. அப்புறம், தோலின் கொழுப்பை இளக்கி மருந்தை உள்ளே விடுகிற குணமும் இதற்கு உண்டு, சில ஹார்மோன் ஜெல்களில் அதற்காகவே சேர்க்கிறார்கள். ஆகவே சித்தி, இந்த லோஷனைப் போட்ட கையில் மேலே இன்னொரு மருந்துக் களிம்பைத் தடவாதீர்கள்.

தங்கச்சிமடம் அண்ணன், 7:31
பேன் மருந்திலும் இருக்கிறதாமே? அப்படி ஒரு வீடியோ வந்தது.

மதுரை பெரியவன், 7:34
பிரிட்டனில் விற்கிறார்கள், பாதிக்குப் பாதி இதுதான். விஷமில்லை. பேன் உடம்பின் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும், அது ஈரமிழந்து காய்ந்து சாகும். அதற்காகச் சித்தியின் பாட்டிலைப் பிள்ளைகள் தலையில் கவிழ்த்துவிடாதீர்கள்.

பாம்பன் சித்தி, 7:36
நாங்கள் எடுக்கிற பாசியும் இப்படி எதிலோ போகிறதாமே.

மதுரை பெரியவன், 7:38
மரிக்கொழுந்திலிருந்து அகர், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். கிரீமைக் கெட்டியாக்க இரண்டும் ஆகும்.

பாம்பன் சித்தி, 7:39
நாலு மணி நேரம் மூழ்கி மூழ்கி எடுத்ததைத்தான் பாட்டிலில் போட்டு எனக்கே விற்கிறார்களா! சரி, இப்போது நான் என்ன செய்ய?

மதுரை பெரியவன், 7:41
கடலிலிருந்து ஏறி, நல்ல தண்ணீரில் கை கழுவியபிறகு லோஷன். தூங்கும்போது வாசலின். இறங்கும்போது வெறும் கையில் துணி சுற்றி அதன்மேல் கையுறை. நைட்ரைல் (அது செயற்கை ரப்பர்) என்று கேட்டு வாங்கினால் எண்ணெய்க்கு இன்னும் தாங்கும். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தங்கச்சிமடம் அண்ணன், 7:43
நாளைக்குக் கச்சான் காற்று பலமாக இருக்குமாம், யாரும் இறங்க வேண்டாம். நான் ராமேஸ்வரம் போகிறேன், கையுறை வாங்கி வருகிறேன். எத்தனை ஜோடி?

பாம்பன் சித்தி, 7:44
மூன்று. அந்தக் கடையிலேயே வாங்கு. காலையில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.