பகிரலையா, பந்தலா, கொசுறா?

வணக்கம். கடைகளில் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் வைஃபை இணைப்புக்கு (ஆங்கிலத்தில் ஹாட்ஸ்பாட்) தமிழ்ச் சொல் தேடி நம் குழுவில் வந்த இரண்டு நாள் மடல்களைச் சேர்த்துப் படித்தேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

> கடைக்காரர் வாடிக்கையாளருக்குத் தரும் இணைப்புக்கு 'இலவசப் பகிரலை' போதாதா?

போதாது. 'பகிரலை' (பகிர் + அலை) தனியாக நிற்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. வாக்கியத்துக்குள் போனதும், எழுத்தில் 'பகிரல்' என்பதன் இரண்டாம் வேற்றுமையாகிவிடுகிறது. பேச்சிலோ 'பகிரவில்லை' என்று பொருள். வாசலில் 'இங்கே பகிரலை' என்று பலகை மாட்டினால், கல்லாவில் இருப்பவர் கஞ்சர் என்றுதான் தெரு நினைக்கும். வைஃபைக்கு வழங்கும் 'அருகலை'க்கும் இதே பிணி உண்டு. ஆனால் அருகுதல் என்ற வினையைப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை என்பதால் பிழைத்துக்கொண்டது.

> ஹாட்ஸ்பாட் = வெப்பப்புள்ளி

வேண்டவே வேண்டாம். ஹவாய்த் தீவுகளின் எரிமலைகளை விளக்கப் புவியியலார் எடுத்துக்கொண்ட சொல் அது. தவிர, ஆங்கிலத்தில் அந்த வெப்பம் பரபரப்பைச் சொல்கிறது. நம் ஊரில் வெப்பம் என்றால் வியர்வை.

> தண்ணீர்ப் பந்தல் போல 'இணையப் பந்தல்'

இந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் பந்தலில் மோர் குடிப்பவரிடம் யாரும் கைபேசி எண்ணைக் கேட்பதில்லை. நம் ஊர்க் கடையில் எண்ணைக் கொடுத்து, ஒருமுறைக் கடவுச்சொல் வந்த பிறகுதான் இணைப்பு. மறுநாள் முதல் விளம்பரக் குறுஞ்செய்தி. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் கூகுளும் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனமும் தொடங்கிய சேவையை வேண்டுமானால் பந்தல் எனலாம், அங்கேயும் எண் கேட்பார்கள்தான், ஆனால் எதையும் வாங்கவேண்டியதில்லை. கடை விஷயம் வேறு.

எப்படி வேறு என்பதற்கு ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளின் கதையே போதும். 2002இல் அந்தக் கடைகளில் டி-மொபைல் என்ற தொலைபேசி நிறுவனம் இந்த இணைப்பைக் காசுக்கு விற்றது. அந்தச் சேவையின் வணிகப் பெயரே 'ஹாட்ஸ்பாட்'. 2008இல் அதன் இடத்துக்கு ஏடி அண்ட் டி நிறுவனம் வந்த பிறகு, கடையின் அட்டையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் இலவசம். 2010 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கடைகளில் எல்லாருக்கும் இலவசம். பனேரா பிரெட் என்ற போட்டிக் கடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. மெக்டொனால்ட்ஸும் 2010 ஜனவரியிலேயே இலவசமாக்கிவிட்டது. பக்கத்துக் கடையில் சும்மா கிடைப்பதை எத்தனை நாள் விற்க முடியும்?

விலைச் சரக்கு எட்டு ஆண்டில் என்னவாக மாறியது? காய்கறிக்கார அம்மா பையில் போடும் கறிவேப்பிலையாக. கறிவேப்பிலைக்காக யாரும் கடைக்கு வருவதில்லை; தராத கடைக்கு மறுநாள் போவதும் இல்லை. நம்மிடம் இதற்குச் சொல் இருக்கிறது: கொசுறு. என் பரிந்துரை 'கொசுறு இணையம்'.

கறிவேப்பிலைக்கு மட்டும் கூட்டம் வந்தால்? அதுவும் நடந்தது. சியாட்டிலில் விக்ட்ரோலா என்ற காபிக் கடை 2005இல் வார இறுதிகளில் இணைப்பை நிறுத்தியது. ஒரு கோப்பையோடு மணிக்கணக்கில் மேசையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறக்காமல் கணினியைப் பார்க்கும் கூட்டம் பெருகியதே காரணம். 'இணையத் திண்ணை' என்று எழுதிய நண்பர் இதைக் கவனிக்கவேண்டும்: திண்ணையில் ஊர்வம்பாவது பேசுவார்கள். தவிர, 'திண்ணை' என்ற பெயரில் இணைய இதழே இருக்கிறது.

> கொசுறு தெலுங்கிலிருந்து வந்தது அல்லவா?

தெலுங்கில் 'கொசரு' உண்டு, உறவை மறுக்கவில்லை. ஆனால் சந்தைக்குப் போகும் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல்லை வேர் பார்த்துத் தள்ளிவிட்டு, அடிக்குறிப்போடு வரும் சொல்லை உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது: எந்த முதலாளியும் தன் கடையில் 'கொசுறு இணையம்' என்று எழுதமாட்டார். எழுதவேண்டாம். பலகையில் 'இலவச வைஃபை' இருக்கட்டும். கட்டுரை எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தச் சொல்.

கடைசியாக, எண் கேட்டு வழிமறிக்கும் அந்த முதல் பக்கத்துக்கு (ஆங்கிலத்தில் 'captive portal') மடல்களில் வந்த 'சிறைவாயில்' பயமுறுத்துகிறது. கொடுக்கவேண்டியதைக் கொடுத்தால் சுங்கச்சாவடி போலத் திறந்துவிடுகிறது, ஆகவே 'சாவடிப் பக்கம்'.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 'கொசுறிணையம்' என்று சேர்த்து எழுதுவதா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.