பழைய நீதிமன்றத்தைச் சீரமைத்து வழக்கு நடத்துவதா, காட்சிக்கு விடுவதா? (புனைபெயரில் மூவர் எழுதிய விவாதம்)

வழக்காடி: சென்னை உயர்நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1892-ல் திறந்த செங்கல் கட்டடம். 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியபோது இதன் மதிலிலும் அடி விழுந்தது. பெரிய கோபுரத்து உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. கீழே வழக்கு, மேலே விளக்கு! இந்த மாதிரிக் கட்டடங்களைச் சீரமைத்தால் நீதிமன்றமாகவே நடத்த வேண்டும், அருங்காட்சியகம் ஆக்கக் கூடாது என்பது என் கட்சி.

மாடிப்படி: எழுதுவது சுலபம் சார். முட்டி தேய்ந்த என் அம்மாவைச் சாட்சி சொல்ல ஒரு பழைய நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனேன். ஊர் பெயர் வேண்டாம். மரப்படி, லிஃப்ட் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கினோம்; அம்மா கண்ணை மூடிக்கொண்டே வந்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். சட்டம் பேசும் இடத்திலேயே ஒரு சாய்தளம் இல்லை. புதுக் கட்டடத்துக்குப் போங்கள், பழையதை டிக்கெட் போட்டுக் காட்டுங்கள்.

காரைப்பூச்சு: பழைய கட்டட வேலை பார்ப்பவன் நான். கட்டடத்தைப் பாழாக்குவது பெரும்பாலும் சிமென்ட்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். அந்தப் பூச்சைத் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும், பெயர்த்தால் செங்கலின் முகமும் சேர்ந்து வரும். திரும்பச் சுண்ணாம்புதான்: நீற்றி, நாள்கணக்கில் புளிக்கவிட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் நுணுக்கம். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லை நிமிர்த்திப் பாவியிருப்பார்கள். ஒழுகினால் முதலில் மக்குவது உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் அதை யார் பார்ப்பார்கள்? ஆள் புழங்கினால் மறுநாளே புகார் வரும்.

மாடிப்படி: அப்போ உங்கள் ஒழுகலுக்கு என் அம்மா காவலா? ஏ.சி. குழாய்க்கும் ஒயருக்கும் சுவரைத் துளைப்பதும் அந்தப் புழங்கும் ஆட்கள்தானே?

காரைப்பூச்சு: துளைப்பது உண்மைதான், நானே அடைத்திருக்கிறேன். லிஃப்டை உள்ளே திணிக்கக் கூடாது. பின்பக்கம் தனி இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, இருக்கும் ஜன்னல் ஒன்றை வாசலாக்கலாம். நாளை கழற்றினாலும் சேதம் குறைவு. ஆவண அறை மாடியில் இருந்தால் உடனே இறக்குங்கள். கட்டுக்கட்டான காகிதம் மர உத்திரத்தை வளைத்துவிடும்.

வழக்காடி: ஆவணம் போகட்டும். சாட்சி விசாரணை நடக்கும் அறைகளையும் தரைத்தளத்துக்கு மாற்றலாம். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மாடிப்படி: சரி. லிஃப்ட் முதலில் வரட்டும், அப்புறம் கோபுரத்துக்குப் பெயின்ட் அடியுங்கள். வரிசை இதுவானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

காரைப்பூச்சு: செங்கல் கோபுரத்துக்குப் பெயின்டே அடிக்கக் கூடாது சார்!