கிளட்ச் பெடல் கீழயே நிக்குது

பிக்கப்ல ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம். நாலு தடவை பம்ப் பண்ணாத்தான் கியர் விழுது. எண்ணூர் ரோட்டு கண்டெய்னர் க்யூவுல இன்னும் மோசம். கிளட்ச் பிளேட் போச்சா?

— பிளேட் தேஞ்சா ஆர்பிஎம் ஏறும், வண்டி இழுக்காது. இது ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்துல வர்ற கோளாறுங்க. கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் உறையை விரலால விலக்கிப் பாருங்க. ஈரமா இருந்தா அந்த சீல் அவுட். எங்கயும் கசிவில்ல, ஆயில் லெவலும் குறையலன்னா பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் மேலதான் சந்தேகம்.

— சிலிண்டரை மாத்தினதும் ஏர் எடுக்கணும், அதாவது ஆயில் லைன்ல இருக்கிற காத்தை வெளிய விடணும். ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்க, ஸ்லேவ் சிலிண்டர்ல காத்து வெளிய விடுற நிப்பிளை அரை சுத்து திறந்து மூடுங்க. மூடின பிறகுதான் பெடலை விடணும், இல்லன்னா காத்தை உள்ள இழுத்துக்கும். குமிழி நிக்கிற வரைக்கும் இதேதான். ஆயில் டப்பா மூடியில போட்டிருக்கிற டாட் நம்பர் பிரேக் ஆயில் மட்டும் ஊத்துங்க. இன்ஜின் ஆயில்னா சீல் உப்பிடும்.

— கடல் காத்துல நிப்பிள் துருப்பிடிச்சிருக்கும். ரிங் ஸ்பேனர் போடுங்க, ஓபன் எண்டு வேணாம், முனை மழுங்கிடும்.