பழைய வணிகத்துறைகளைக் கணினி வரைபடம் கண்டுபிடித்துவிடுமா?

கரையோரன்:
வட ஐரோப்பாவில் 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையே செழித்த வணிகத்துறைகளைத் தேடுவதில், இனி அகழாய்வுக்கு முன்னே நிற்க வேண்டியது ஜிஐஎஸ் வரைபடமே, அதாவது இடத்தரவுகளை அடுக்கடுக்காக இட்டு ஒப்பிடும் கணினி வரைபடமே, என்பது என் வாதம். இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களை இடக்குறிப்போடு பதியும் திட்டம் 1997இல் தொடங்கியது. இன்று அதில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அவற்றுள் 8ஆம் நூற்றாண்டின் சிறு வெள்ளிக் காசுகளை மட்டும் பிரித்து, ஆறுகளும் ரோமானியச் சாலைகளும் வரைந்த படத்தின்மேல் இட்டால், எந்த ஏட்டிலும் பெயரில்லாத சந்தைகள் காசுத் திரள்களாகப் புலப்படுகின்றன.

ஏர்முனை:
அத்திரள்கள் காட்டுவது காசு புழங்கிய இடத்தையா, காசைத் தேடியவர்கள் நடந்த இடத்தையா? உலோகங்காட்டும் கருவியுடன் செல்வோர், நிலத்துக்காரர் இசைவு தந்த உழவு வயல்களில்தான் பெரும்பாலும் தேடுகிறார்கள். மேய்ச்சல் நிலமும், காடும், கட்டடங்கள் எழுந்துவிட்ட நகரமும் உங்கள் படத்தில் வெறுமையாகவே கிடக்கும். லண்டனையே பாருங்கள். பல நாட்டு மக்கள் தரைவழியும் கடல்வழியும் வந்து கூடும் சந்தை என்று ஆங்கிலத் துறவி பீட் 731இல் முடித்த தம் வரலாற்று நூலில் அதைக் குறிப்பிடுகிறார். ஆயினும் ரோமானிய மதிலுக்குள் தோண்டியவர்களுக்கு அக்காலத் தடயம் அரிதாகவே கிடைத்தது. சந்தையோ மதிலுக்கு மேற்கே, ஸ்ட்ராண்ட் தெருவை ஒட்டிய கட்டடங்களின் அடியில் கிடந்தது.

கரையோரன்:
நீங்கள் காட்டிய சான்று எனக்கே துணை நிற்கிறது, ஐயா. அவ்விடத்தை 1984இல் தனித்தனியே முன்மொழிந்த தொல்லியலாளர்கள் மார்ட்டின் பிடிலும் ஆலன் வின்சும், அதுவரை தற்செயலாகக் கிடைத்திருந்த பொருள்களின் பரவலைப் பார்த்தே அம்முடிவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே, ஸ்ட்ராண்டை அடுத்த கோவென்ட் கார்டன் பகுதியில் நடந்த அகழாய்வு அதை உறுதிசெய்தது.

ஏர்முனை:
பரவலை மட்டுமா பார்த்தார்கள்? ஆல்ட்விச் என்ற பெயரில் 'பழைய விக்', அதாவது பழைய வணிகக் குடியிருப்பு, ஒளிந்திருந்தது. ஸ்ட்ராண்ட் என்றாலே கரைதான். பெயரைப் படிக்கத் தெரிந்தவர் கையில்தான் அந்தப் புள்ளிகள் பேசின.

துடுப்பு:
இருவரும் காசைச் சற்று விட்டுவிட்டுக் கரையைப் பாருங்கள். பனியுகத்துப் பனிச்சுமை நீங்கிய நிலம் மெல்ல உயர்ந்துவருவதால், நார்வேயின் பழைய வணிகத்துறையான கௌபாங்கில் வைக்கிங் காலக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 3.5 மீட்டர் மேலே இருந்தது. நில உயரத் தரவில் கடலை அவ்வளவுக்கு ஏற்றிப் பார்த்தாலொழிய, படகு எங்கே ஒதுங்கியது என்று விளங்காது.

ஏர்முனை:
அதை நான் மறுக்கவில்லை. கடல்மட்டம் தேடுவோரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. காசுத் திரளைத்தான் நம்ப மறுக்கிறேன்.

கரையோரன்:
அதற்கும் வழி உண்டு. வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒரே சதுரத்தில் கிடைத்த ரோமானியக் காசுகளின் எண்ணிக்கையைத் தேடலின் அளவுகோலாக வைத்து, அதனோடு ஒப்பிட 8ஆம் நூற்றாண்டுக் காசுகள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்துள்ளனவா என்று கணக்கிடலாம்.

ஏர்முனை:
ரோமானியர் குடியேறாத இடத்தில் அந்த அளவுகோலே வளைந்துவிடுமே! மேலும், ஒருவர் நாள் முழுதும் நடந்து வெறுங்கையோடு திரும்பிய வயல் உங்கள் தரவுத்தளத்தில் எங்கே பதிவாகிறது?