அம்லோடிபினும் எனலாப்ரிலும் ஒத்துக்கொள்ளாத அம்மாவுக்கு அடுத்த இரத்த அழுத்த மாத்திரை எது?

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குச் செல்லும் என் அம்மாவுக்கு வயது 58. சித்திரையில் 164/98 என்று காட்டிய இரத்த அழுத்தம், உப்பையும் ஊறுகாயையும் குறைத்து (காபியை மட்டும் அவர் விடவில்லை) இரண்டு மாதம் கழிந்தும் இறங்கவில்லை. சர்க்கரை நோய் இல்லை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 0.8, பொட்டாசியம் 4.2, இரண்டும் இயல்பான அளவே.

முதலில் தந்த அம்லோடிபின் 5 மி.கி. அழுத்தத்தை 138/86-க்குக் கொண்டுவந்தாலும், ஆறாவது வாரத்தில் இரு கணுக்கால்களும் வீங்கி, மாலையில் செருப்பே நுழையாத நிலை ஏற்பட்டது. 2.5 மி.கி. ஆகக் குறைத்தபோது வீக்கம் வற்றியது, அழுத்தம் ஏறிவிட்டது. அடுத்து எனலாப்ரில் தொடங்கிய மூன்றே வாரத்தில் இரவெல்லாம் வறட்டு இருமல் வந்தது. மலைக்குளிர் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்ததில் பத்து நாள் வீணாயிற்று. மாத்திரையை நிறுத்திய பிறகே இருமல் அடங்கியது. இப்போது வீட்டில் அளந்தால் 158/94 காட்டுகிறது.

டெல்மிசார்டன் 40 மி.கி. அல்லது சிறுநீரைப் பெருக்கி அழுத்தத்தைக் குறைக்கும் குளோர்தாலிடோன் 12.5 மி.கி., இவற்றுள் ஒன்றை அடுத்த வாரம் தொடங்கலாம் என்று சேலத்து மருத்துவர் கூறியுள்ளார். அம்மாவுக்கு யூரிக் அமிலம் 7.1 இருக்கிறது, கால் பெருவிரல் ஒருமுறை சிவந்து வீங்கியதும் உண்டு. குளோர்தாலிடோன் யூரிக் அமிலத்தைக் கூட்டி அந்த வீக்கத்தை மீண்டும் கொண்டுவரக்கூடும் என்பதே என் தயக்கம்.

இந்நிலையில் டெல்மிசார்டனையே முதலில் தரும்படி மருத்துவரிடம் கேட்பது சரியாக இருக்குமா?